மாரி மழையிலும் பற்றும் நெருப்பு

1679 செப்டெம்பர் கடைசியில், கண்டி இராச்சியத்துக்குள் பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் தப்பியோட மூட்டை கட்டினார். பெயர் றொபேட் நொக்ஸ். கூட வந்தவர் ஸ்டீபன் றட்லண்ட். பத்து நாளைக்குப் போதுமான அரிசி, அதை அவிக்க ஒரு பாத்திரம், தண்ணீர் அள்ள இரண்டு சுரைக்குடுக்கை, மழை வந்தால் அடியில் படுக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை, செருப்புக்கு ஒரு மான்தோல், ஆளுக்கொரு கோடரி, கத்தி. இவற்றோடு நெருப்பு மூட்டும் பெட்டியும் மூட்டைக்குள் போனது. அதுவும் ஒன்று போதாதென்று இரண்டு மூன்று. ஒன்று கைவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் காலத்து நெருப்புப் பெட்டிக்குள் மூன்று சாமான் இருக்கும்: ஓர் உருக்குத் துண்டு, ஒரு சிக்கிமுக்கிக்கல், கருக்கிய துணி கொஞ்சம். கல்லும் உருக்கும் எவ்வளவு நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். பொறியைப் பிடித்துக் கனிய வைக்கும் துணிதான் ஈரத்துக்குத் தாங்காது. அது நமுத்துப்போனால் மற்ற இரண்டும் வெறும் பாரம். நொக்ஸும் றட்லண்டும் அநுராதபுரத்துக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கி, மல்வத்து ஓயா என்கிற அருவியாற்றின் கரையைப் பிடித்து நடந்து, ஒக்டோபர் 18 அன்று மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681இல் லண்டனில் வெளியான நொக்ஸின் நூலில் அந்த மூட்டையின் விபரம் பொருள் பொருளாகப் பதிவாகியிருக்கிறது.

நொக்ஸின் சிறைவாசம் தொடங்கியது திருகோணமலை மாவட்டத்தில். 1659 நவம்பரில் வங்கக் கடலில் வீசிய பெரும்புயலில் அவரது தந்தை தலைவராயிருந்த ‘ஆன்’ என்ற கப்பல் பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர்களை, அடுத்த ஆண்டு ஏப்ரலில், இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பிடிபட்ட இடத்தைக் காட்டும் நினைவுக்கல் 1893இல் மூதூரில் நடப்பட்டது. அந்தக் கப்பலை இந்தக் கரையில் ஒதுக்கிய அதே வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம்தான் இன்றும் ஆண்டுதோறும் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள வீடுகளின் அடுப்பை அணைத்துப் பார்க்கிறது.

அடுப்பை அணைக்கும் மாதங்கள்

திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்துக்குள் கொட்டிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும்போது விறகு தானாகக் காய்கிறது. வேலியோரத்தில் கிடக்கும் ஓலை மொறுமொறுவென்று இருக்கும். அப்போது யாருக்கும் நெருப்பைப் பற்றி யோசனை வராது. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் நிலைமை மாறுகிறது. நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு, கூரைக்கு அடியில் அடுக்கிய விறகும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும்.

வெறும் அடைமழை என்றால் சமாளிக்கலாம். ஆனால் இந்தக் கரை சூறாவளிக்கும் பழகிய கரை. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு திருகோணமலையைத் தாக்கிய சூறாவளிதான் அப்படியே கடலைத் தாண்டிப் போய்த் தனுஷ்கோடியை அழித்தது. 2000ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் இன்னொரு சூறாவளி வந்தது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரேவி’ திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரைப் பாதித்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாட்டையே உலுக்கியபோது மகாவலி பெருகி, மாவிலாற்றுக் கட்டு உடைந்தது. மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலக் குடும்பங்கள் பல வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இப்படியான நாட்களில் நெருப்பு என்பது சோறு சமைக்க மட்டுமல்ல. வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க முடியாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வேண்டும். நனைந்த உடுப்போடு இரவு முழுக்க வாடைக்காற்றில் இருக்கும் முதியவருக்கு உடம்புச் சூடு இறங்கிவிடும். வெப்ப நாட்டில் குளிரால் ஆபத்து வராது என்று நினைப்பது தவறு. ஈரமும் காற்றும் சேர்ந்தால் இருபது பாகை வெப்பநிலையிலும் உடம்பு சூட்டை இழந்துகொண்டே போகும்.

காஸ் அடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 2022 அதற்கு விடை சொன்னது. அந்த ஆண்டு ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குத் தாவியது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்காமல் சனங்கள் வரிசையில் நின்றார்கள். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. ஈர விறகின் மேல் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதுதான் பல வீடுகளில் மாரிகாலத்து வழக்கம். சீனன்குடாவில் ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கும் மாவட்டத்திலும் அந்த ஒரு சொட்டு எட்டாமல் போனது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2012 குடிசன மதிப்பீட்டின்போது, நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. இடையில் காஸுக்கு மாறிய குசினிகளும் 2022இல் மறுபடி விறகைத் தேடின.

நனைந்த விறகுக்குள் நடப்பது

ஈர விறகு ஏன் பற்றாது என்பதை விளங்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

மரம் நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது மரத்திலிருந்து வெளிவரும் வாயுதான் தீச்சுவாலையாகத் தெரிகிறது. அந்த வாயு தாராளமாக வெளிவர 250 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு தேவை. விறகுக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகிப் போக 2,260 கிலோஜூல் சக்தி வேண்டும். அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராக இருக்கும். நன்றாகக் காய்ந்த விறகில் அது இருபது சதவீதத்துக்குக் குறைவு. ஒரு நெருப்புக்குச்சி எரிவது பத்துப் பதினைந்து விநாடி. அந்தச் சிறு சூடு நனைந்த சுள்ளியிலுள்ள தண்ணீரைச் சூடாக்குவதிலேயே செலவாகி முடிந்துவிடும்.

ஆகவே குச்சிக்கும் சுள்ளிக்கும் இடையே ஒரு பாலம் தேவைப்படுகிறது. ஒரு பொறியிலோ குச்சியிலோ உடனே பற்ற வேண்டும். பற்றியபின் காற்றுக்கும் தூறலுக்கும் அணையாமல் மூன்று நான்கு நிமிடமாவது நின்று எரிய வேண்டும். அந்த நேரத்துக்குள் மெல்லிய சுள்ளி காய்ந்து பற்றும், அது தடித்த சுள்ளியைக் காய வைக்கும், பிறகு கொள்ளி. மழைக்குள் நெருப்பு மூட்டுவதில் திறமை என்பது முக்கால்வாசியும் இந்த மூன்று நான்கு நிமிடத்தை முன்கூட்டியே காய்ந்த நிலையில் கையில் வைத்திருப்பதுதான்.

நெருப்புப்பெட்டியையே எடுத்துப் பார்ப்போம். குச்சியின் தலையில் பொற்றாசியம் குளோரேற்று இருக்கிறது. பெட்டியின் பக்கத்திலுள்ள கபில நிறப் பட்டையில் சிவப்புப் பொசுபரசு இருக்கிறது. இரண்டும் உரசினால்தான் தீ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவீடனில் உருவான இந்த ஏற்பாட்டுக்குப் பாதுகாப்புத் தீக்குச்சி என்று பெயர் வந்ததற்குக் காரணமே இந்தப் பிரிவினைதான். கடற்காற்றில் இரண்டு நாள் திறந்து கிடந்த பெட்டியை எடுத்து உரசினால், பட்டை கழன்று களிபோலக் குச்சியின் தலையில் அப்பிக்கொள்ளும். தலை நசுங்கிப் போகும். பொறி வராது. குச்சியை வெயிலில் காய வைத்தால் சிலவேளை மீளும். கழன்ற பட்டை மீளாது. பெட்டி நிறையக் குச்சி இருந்தும் நெருப்பு இல்லாத நிலை அதுதான். கடற்கரையில் இது இன்னும் விரைவாக நடக்கும். உப்புத் துகள் படிந்த பொருள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கடலுக்குப் போகிறவர்கள் நெருப்புப்பெட்டியையோ லைட்டரையோ திருகுமூடிப் போத்தலுக்குள் போட்டு இறுக்கி வைப்பது இதனால்தான். வள்ளத்துக்குள் அலை அடித்தாலும் போத்தல் மிதக்கும்; உள்ளே இருப்பது காய்ந்தபடி இருக்கும்.

வீட்டைச் சுற்றியே இருக்கும் பஞ்சு

வெளிநாடுகளில் மலையேறுவோருக்கு இந்தப் பாலப்பொருளைச் சிறு பொட்டலமாகக் கடையில் விற்கிறார்கள். திருகோணமலையில் தென்னை நிற்கும் எந்த வளவிலும் அது மரத்திலேயே தொங்குகிறது.

முதலாவது பன்னாடை. தென்னை மட்டையின் அடியைச் சுற்றி வலைத்துணிபோல இருக்கும் அந்த நார், காய்ந்தால் ஒரு குச்சிக்கே குபுக்கென்று பிடிக்கும். இழை இழையாக இருப்பதால் காற்று உள்ளே புகுந்து வர இடமிருக்கிறது. அதன் குறை, எரிந்து முடிவதும் விரைவு. எனவே பன்னாடையைத் தொடக்கத்துக்கு வைத்து, அடுத்த படிக்குப் பொச்சுமட்டையைப் பயன்படுத்த வேண்டும். காய்ந்த பொச்சைக் கையால் பிய்த்துத் தும்பாக்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்துப் பஞ்சாக்கினால் அது பொறியைப் பிடித்துக் கனியும். சுவாலை இல்லாமல் நெடுநேரம் கனிந்துகொண்டிருப்பது தும்பின் தனிக்குணம். பெட்டிக்கடை வாசலில் நுனியில் தணலோடு நாள் முழுக்கத் தொங்கும் தும்புக்கயிற்றில் சுருட்டும் பீடியும் பற்றவைத்த காலம் பலருக்கும் நினைவிருக்கும்.

அதே தத்துவத்தில்தான் கோட்டைக் காவலர்களின் துப்பாக்கியும் ஒரு காலத்தில் இயங்கியது. கோணேசர் மலையில் 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய நாட்களில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் தீ வைத்தது வெடியுப்பில் ஊறவைத்துக் காயவிட்ட கயிற்றுத் திரி. மாரி மழையில் திரி நனைந்தால் துப்பாக்கி வெறும் தடி. ஐரோப்பியப் படைகள் பிற்பாடு சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மாறியதற்கு இந்த ஈரத் தொல்லையும் ஒரு காரணம்.

பனை நிற்கும் ஊர்களில் காவோலை இருக்கிறது. தென்னோலையை இறுக்கிக் கட்டிய சூள் இரவில் வழிகாட்டும் விளக்காகவும் அடுப்பு மூட்டவும் உதவியது. மழைக்காலத்தின் நடுவே வரும் கார்த்திகை விளக்கீட்டைக் கவனித்தால் இந்த அறிவு எவ்வளவு தூரம் பழகிய அறிவு என்பது தெரியும். கோயில் முன்றலில் சொக்கப்பானைக்கு ஓலையைச் சேர்த்துக் கட்டும்போது காய்ந்த ஓலையை உள்ளே வைத்து மூடுவார்கள். வீட்டு வாசலிலும் வயலிலும் நடும் பந்தம், தடியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்தது. எண்ணெய் குடித்த துணிக்குள் தூறல் தண்ணீர் இலகுவில் ஏறாது. துணி திரியாக நிற்க, எரிவது எண்ணெய். கடையில் விற்கும் நவீன தீமூட்டிகள் பலவும் இதே ஏற்பாடுதான்.

சமையல் முடிந்த பிறகு தணலைச் சாம்பலால் மூடி வைத்து மறுநாள் காலையில் கிளறி எடுப்பதும், நெருப்பு அணைந்த வீட்டுக்காரர் சிரட்டையோடு அயல்வீட்டுக்குப் போய்த் தணல் வாங்கி வருவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பழக்கங்கள். 1991இல் ஒஸ்திரிய, இத்தாலிய எல்லையிலுள்ள பனிமலையில் கண்டெடுக்கப்பட்ட 5,300 ஆண்டுப் பழைமையான மனித உடலோடும் இப்படியொரு பாத்திரம் இருந்தது. பூர்ச்ச மரப்பட்டையில் செய்த அந்தச் சிமிழுக்குள் பச்சை இலையில் பொதிந்து தணலைக் கொண்டு போயிருக்கிறார் அந்த மனிதர். தணல் அணைந்தாலும் வழியிருக்கட்டும் என்று, பொறி பிடிக்கும் மரக்காளானும் அவரிடம் தனியாக இருந்தது.

கற்பூரம், மெழுகு, பஞ்சு

மழைக்கால அவசரத்துக்கு மிக எளிதாகக் கிடைக்கும் பொருள் பூசைத்தட்டில் இருக்கிறது. கற்பூரம் தண்ணீரில் கரைவது மிக அரிது, மிதக்கும், மிதந்துகொண்டே எரியவும் செய்யும். நனைந்த கட்டியைத் துணியில் துடைத்துவிட்டுக் குச்சியைக் காட்டினால் உடனே பற்றும். அதன் சுவாலை பெரியது. ஒரு நெருப்புக்குச்சியைவிடப் பல மடங்கு நேரம் நிற்கும். நாலைந்து கட்டியைத் தும்புக்கு நடுவே வைத்தால் அடைமழையிலும் அடுப்புக்குள் நெருப்பு நிலைத்துவிடும்.

ஆனால் கற்பூரத்தைத் திறந்து வைத்தால் அது காற்றோடு போய்விடும். மார்கழியில் தேடும்போது வெறும் கடதாசிதான் மிஞ்சியிருக்கும். இறுக்கமாக மூடும் சிமிழ் தேவை. இன்னொன்றை மறக்கவே கூடாது. கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு. ஏறத்தாழ ஒரு கிராம் விழுங்கினாலே வலிப்பும் உயிராபத்தும் வரலாம். வெள்ளைக் கட்டியைச் சீனி என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், கற்பூரத்துக்குப் பதில் மெழுகுதிரித் துண்டு போதும்.

மெழுகுதிரி தண்ணீருக்கு அசையாத பொருள். விரல் நீளத் துண்டு ஒன்று, காற்றுக்கு மறைப்பு இருந்தால், நெருப்புக்குச்சியால் முடியாததைச் செய்யும். அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்று சுள்ளியைக் காய வைக்கும். தேங்காய்த் தும்பை உருகிய மெழுகில் தோய்த்து உருண்டையாகப் பிடித்து ஆறவிட்டால், தண்ணீரில் போட்டு எடுத்தாலும் பற்றக்கூடிய தீமூட்டி கிடைக்கும். பாவிக்கும்போது உருண்டையைப் பிய்த்து உள்ளிருக்கும் காய்ந்த தும்பை வெளியே காட்ட வேண்டும். வஸ்லின் தடவிய பருத்திப் பஞ்சும் இதே வேலையைச் செய்யும். ஓர் உருண்டை மூன்று நான்கு நிமிடம் எரியும். வஸ்லின் பஞ்சின் வெளிப்பக்கம் முழுக்க ஏற வேண்டும். நடுப்பகுதி காய்ந்தே இருக்க வேண்டும். முழுவதும் ஊறிவிட்டால் பொறி பிடிக்காது.

பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய நாடாவும் ஈரத்துக்கு அஞ்சாது. நன்றாகப் பற்றும், நின்று எரியும். அதன் கரும்புகை கெட்டது என்பதால் திறந்த வெளியில், வேறு வழியில்லாதபோது, விறகு பற்றும்வரை மட்டும் ஒரு சிறு துண்டு பாவிக்கலாம். குசினிக்குள் கூடாது.

பற்றவைக்கும் கருவியைப் பொறுத்தவரை நொக்ஸின் கணக்கே சரியான கணக்கு. ஒரு லைட்டர், போத்தலில் அடைத்த ஒரு நெருப்புப்பெட்டி. முடிந்தால் மூன்றாவதாக ஓர் உரசுகோல். உரசுகோலில் இருப்பது லைட்டர்க் கல்லின் அதே உலோகக் கலவை. 1903இல் ஒஸ்திரியரான கார்ல் அவுவர் உருவாக்கியது. கத்தி முதுகால் சுரண்டினால் மூவாயிரம் பாகையை நெருங்கும் பொறி பறக்கும். தண்ணீருக்குள் கிடந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டலாம். லைட்டர் நனைந்து பொறி வரவில்லையென்றால், ஊதித் தண்ணீரை வெளியேற்றி, சில்லைத் துணியில் பலமுறை உருட்டிக் காய வைத்தால் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யும்.

பையைக் கட்டும் விதம்

எல்லாவற்றையும் சேர்த்தால் ஓர் உள்ளங்கை அளவுக்கு மேல் வராது. வாய் அகன்ற, திருகுமூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். அடியில் மெழுகுத் தும்பு உருண்டை ஐந்தாறு. அதன் மேல் ஒரு மெழுகுதிரித் துண்டு. நெருப்புக்குச்சி இருபதைப் பெட்டியின் பட்டையோடு வெட்டியெடுத்துத் தனிப் பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். பட்டையும் குச்சித் தலையும் ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் கடதாசி வைக்க வேண்டும். லைட்டர் ஒன்று. மேலே காய்ந்த பன்னாடைத் துண்டு. மூடியை இறுக்கி, விளிம்பைச் சுற்றி ரேப் ஒட்டினால் வேலை முடிந்தது. அடையாள அட்டைப் பிரதி, மருந்து, டோச் லைட் வைக்கும் அவசரப் பைக்குள்ளேயே இது இருக்க வேண்டும். இன்னொரு போத்தலை வீட்டில் வேறொரு உயரமான இடத்தில் வைப்பது நல்லது. பை ஒருவர் கையில் போய், குடும்பத்தின் மற்றப் பாதி வேறு இடைத்தங்கல் முகாமில் நிற்பது இந்த மாவட்டத்தில் நடந்த விஷயம்.

மூட்டும் முறையும் முக்கியம். சேற்றிலோ நனைந்த சீமெந்திலோ நேரே மூட்டினால் கீழிருந்து ஈரம் ஏறும். இரண்டு மூன்று தடித்த விறகையோ ஒரு தகரத் துண்டையோ அடியில் பரப்பிக்கொள்ள வேண்டும். மேலே தகரமோ வாழை மட்டையோ சாய்த்துத் தூறலை மறைக்க வேண்டும்; காற்றுக்கு முதுகைக் காட்டி இருக்க வேண்டும். நிலத்தில் கிடக்கும் சுள்ளியை விட்டுவிட்டு, மரத்திலேயே காய்ந்து நிற்கும் மெல்லிய கிளையை முறித்தெடுத்தால் ஈரம் குறைவு. முறிக்கும்போது படக்கென்று ஒலித்தால் உள்ளே காய்ந்திருக்கிறது, வளைந்தால் ஈரம்.

தடித்த விறகு வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கலாம். கோடரியால் பிளந்து நடுப்பகுதியிலிருந்து விரல் பருமனில் சிராய் எடுத்து, கத்தியால் அதன் ஓரத்தை மெல்லிய சுருள்களாகச் சீவி, சுருள்கள் தடியோடு ஒட்டியபடியே விட வேண்டும். அப்படி நாலைந்து தடியைத் தும்பு உருண்டையைச் சுற்றிச் சாய்த்துப் பற்றவைத்தால் சுருள் முதலில் பிடிக்கும், பிறகு தடி. அவசரப்பட்டுப் பெரிய விறகை மேலே போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. நெருப்பு சுண்டுவிரல் பருமன் சுள்ளியைத் தின்று தணல் விழும்வரை பொறுக்க வேண்டும். அடுத்த விறகுகளை நெருப்பின் இரு பக்கமும் நெருக்கி அடுக்கி வைத்தால், தம் முறை வருவதற்குள் அவை காய்ந்துவிடும்.

உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள்

பெற்றோலை எந்த நிலையிலும் ஊற்றக் கூடாது. அதன் ஆவி நிலத்தோடு பரவி, குச்சியைக் கிழிக்கும் கையையே முதலில் பிடிக்கும். அணைந்ததுபோல் தெரியும் தணலில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அதே ஆபத்து. சூட்டில் ஆவியாகி, திடீரென்று முகத்துக்குக் கிளம்பும். ஊற்றுவதானால் பற்றவைக்கும் முன், குளிர்ந்த விறகில்தான்.

கதவும் யன்னலும் பூட்டிய அறைக்குள், கூடாரத்துக்குள் விறகோ கரியோ எரிய விட்டு உறங்கக் கூடாது. அந்தப் புகையோடு வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணம் இல்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிர் போகும். வெள்ளம் அடித்து வந்த பலகை, பெயின்ற் பூசிய மரம், பிளைவுட் ஆகியவற்றைச் சமையலுக்கு எரிக்க வேண்டாம். புகையோடு நஞ்சும் சோற்றுப் பானைக்கு வரும். வெள்ளம் வடிந்த பிறகு விறகுக் குவியலில் கை வைக்கும் முன் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். மேடு தேடிப் பாம்பு முதலில் ஒதுங்குவது அங்கேதான்.

மாவட்டத்தில் இதைப் பரப்பப் பெரிய செலவு தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் போன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. கிராம மட்டத்தில் அனர்த்தக் குழுக்கள் இருக்கின்றன. மழைக்கு முன், செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் சனங்களைக் கூட்டித் தும்பு உருண்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். நீர் ஊற்றிய விறகில் மூட்டிக் காட்டச் சொல்லலாம். பள்ளிக்கூடச் சாரணர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்களை முன்னுக்கு விடலாம். சமைப்பவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் பையில் போத்தல் இருந்தும் பயனில்லை. அதனால் பெரிய பிள்ளைகளும் ஒருமுறை, பெரியவர் பக்கத்தில் நிற்க, தம் கையாலேயே மூட்டிப் பார்க்க வேண்டும். கச்சான் முடியும் நாட்களில் ஆண்டுக்கொரு தடவை போத்தலைத் திறந்து, குச்சியில் ஒன்றை உரசிப் பார்த்து, லைட்டரில் வாயு இருக்கிறதா என்று கவனித்து, தும்பை மாற்றி மறுபடி அடைத்தால் அடுத்த மாரிக்குப் போதும். இதற்கெல்லாம் ஆகும் காசு ஒரு மெழுகுதிரிப் பெட்டியும் ஒரு லைட்டரும் வாங்கும் காசுதான். தும்பு வளவிலேயே கிடக்கிறது.